ஒற்றைப் பதவி: சர்வர் அறைக்குள் நுழையாத இடஒதுக்கீடு

(இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இடஒதுக்கீடு என்றால் நாம் வழக்கமாகப் பேசுவது நீட், ஐ.ஐ.டி. பேராசிரியர் நியமனம், குரூப் 1 தேர்வு. எல்லாம் பெரிய விஷயங்கள். நான் இன்றைக்கு எடுத்துக்கொண்டிருப்பது மிகச் சின்ன விஷயம். ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக்கோ வேதியியல் துறைக்கோ ஒரு சிஸ்டம் அட்மின் தேவைப்படுகிறார். ஒரே ஒரு ஆள். அந்த ஒரு ஆளை எப்படி எடுக்கிறார்கள்? இந்த வேலையைச் செய்து பிழைப்பவன் என்பதால் இதை உள்ளிருந்து கொஞ்சம் சொல்ல முடியும்.

முதலில் இந்த ஆள் அங்கே என்ன செய்கிறார் என்று பார்ப்போம். அறிவியல் துறை என்றதும் குடுவையும் நுண்ணோக்கியும்தான் நினைவுக்கு வரும். ஆனால் இன்றைக்கு வேதியியலில் ஆய்வு செய்யும் மாணவர்கள் பலருக்குப் பாதி வேலை கணினியில்தான். ஒரு மூலக்கூறின் ஆற்றலைக் கணக்கிட காஸியன் போன்ற மென்பொருளை நாள்கணக்கில் ஓட விட வேண்டும். அதற்காகத் துறையில் ஒரு கிளஸ்டர் இருக்கும். இருபது முப்பது கணினிகளை அலமாரியில் அடுக்கி, லினக்ஸ் போட்டு, ஒன்றோடொன்று இணைத்திருப்பார்கள். யாருடைய கணக்கீடு முதலில் ஓடும், யாருக்கு எத்தனை கோர், எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் ஸ்லர்ம் மாதிரியான ஒரு வரிசை மென்பொருள் தீர்மானிக்கும். அந்த வரிசைக்கு விதி எழுதி வைப்பவர் சிஸ்டம் அட்மின். புதிதாகச் சேர்ந்த மாணவருக்குக் கணக்குத் திறந்து கொடுப்பவர், டிஸ்க்கில் யாருக்கு எவ்வளவு இடம் என்று அளந்து கொடுப்பவர், ஐந்து வருட ஆய்வுத் தரவை பேக்கப் எடுத்து வைப்பவர், ஏ.சி. நின்று அறை கொதிக்கும்போது ஓடி வருபவர் எல்லாம் அவரே.

இன்னொன்றும் உண்டு. ரூட் பாஸ்வேர்டு அவரிடம் இருக்கிறது. அந்த சர்வரில் யார் எந்தக் கோப்பை வைத்திருக்கிறார்கள், எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்பதை அவரால் பார்க்க முடியும். வெளியாகாத ஆய்வு முடிவு, தேர்வு வினாத்தாள், துறைத்தலைவரின் மின்னஞ்சல் எல்லாமே அந்த அலமாரியில் இருக்கலாம். அதனால்தான் இந்த வேலைக்கு ஆள் தேடும்போது, 'நம்பகமான ஆளா?' என்ற கேள்வி திறமையைப் பற்றிய கேள்விக்கு முன்பே வந்துவிடுகிறது. நம்பகமான ஆள் என்றால் நமக்குத் தெரிந்த ஆள். தெரிந்த ஆள் என்றால் நண்பரின் மகன், அக்கிரகாரத்துப் பையன், ஊர்க்காரர், பழைய மாணவர் அனுப்பி வைத்தவர். இந்தியாவில் 'தெரிந்தவர்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

சரி, மத்தியப் பல்கலைக்கழகம் என்றால் இடஒதுக்கீடு இருக்குமே என்று கேட்பீர்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது.

துறைக்கு அனுமதிக்கப்பட்ட சிஸ்டம் அட்மின் பதவி ஒன்றுதான். ஒற்றைப் பதவிக்கு இடஒதுக்கீடு கிடையாது. 1998இல் சண்டிகர் முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இப்படித்தான் தீர்ப்பளித்தது. ஒரே ஒரு இடத்தை ஒதுக்கினால் அது நூறு விழுக்காடு ஒதுக்கீடு ஆகிவிடும் என்பது அதன் வாதம். இந்த முறை ஒருவருக்கு, அடுத்த முறை இன்னொருவருக்கு என்று சுழற்சியில் விட்டாலும் கூடாது என்றது. அந்த ஒரு இடம் முப்பது ஆண்டுகள் ஒரே சமூகத்தாரிடம் இருந்தால் அதுவும் நூறு விழுக்காடுதானே என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இந்தக் கணக்கை நாம் ஏற்கெனவே ஒருமுறை தெருவில் இறங்கிச் சந்தித்திருக்கிறோம். ஆசிரியர் நியமனத்தில் பல்கலைக்கழகம் முழுவதையும் ஒரே அலகாக எடுக்காமல் ஒவ்வொரு துறையையும் தனி அலகாக எடுக்க வேண்டும் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2017இல் சொன்னது. 2018 மார்ச்சில் யு.ஜி.சி. அதையே ஆணையாக அனுப்பியது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. 13 புள்ளி ரோஸ்டர் என்று அப்போது நாளேடுகளில் படித்திருப்பீர்கள். நாடு முழுக்கப் போராட்டம் நடந்தது. தேர்தல் நெருங்கிய நேரம். மார்ச் 7ஆம் தேதி அவசரச் சட்டம் வந்தது, பிறகு ஜூலையில் அதுவே சட்டமானது. பல்கலைக்கழகமே அலகு என்பது மீண்டும் நிலைநாட்டப்பட்டது.

ஆனால் அந்தச் சட்டத்தின் பெயரிலேயே 'ஆசிரியர் பணித்தொகுதி' என்று இருக்கிறது. ஆசிரியர்களுக்கு மட்டும்தான் அது. ஆய்வகத்தை, சர்வரை, நூலகத்தை நடத்துகிறவர்களுக்கு அது பொருந்தாது. போராட்டத்தில் நம்மோடு நின்ற ஆசிரியர் சங்கங்களும் அதற்குப் பிறகு இவர்களைப் பற்றி அதிகம் பேசவில்லை. வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். மத்திய அரசின் இனச்சுழற்சியில் பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு, பட்டியல் சாதியினருக்கு 15, பழங்குடியினருக்கு 7.5. இடங்களை ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போகும்போது, ஒரு பிரிவின் பங்கு எந்த இடத்தில் முழுதாக ஒன்றைத் தொடுகிறதோ அந்த இடம் அவர்களுக்கு. 27 விழுக்காடு நான்காவது இடத்தில் ஒன்றைத் தொடும். 15 விழுக்காடு ஏழாவது இடத்தில். 7.5 விழுக்காடு பதினான்காவது இடத்தில்.

இப்போது 14 அறிவியல், பொறியியல் துறைகள் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். துறைக்கு ஒரு சிஸ்டம் அட்மின். ஒவ்வொன்றும் தனிப் பதவி. ஒதுக்கீட்டுக்கு உரிய இடங்கள் எத்தனை? பூஜ்ஜியம். அதே 14 பேரையும் பல்கலைக்கழகக் கணினி மையத்தின் கீழ் ஒரே பணித்தொகுதியாக வைத்து, துறைகளுக்குப் பணியமர்த்தினால்? 4, 8, 12 ஆகிய இடங்கள் பிற்படுத்தப்பட்டோருக்கு. 7ஆவது பட்டியல் சாதியினருக்கு. 14ஆவது பழங்குடியினருக்கு. ஐந்து பேர். 10ஆவது இடம் 2019இல் கொண்டுவந்த பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்குப் போகும். அதைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம். ஆட்கள் அதே 14 பேர், சம்பளம் அதே, உட்காரும் அறையும் அதே. காகிதத்தில் அவர்களை எந்தத் தலைப்பின் கீழ் வைக்கிறோம் என்பது மட்டும் மாறுகிறது. பூஜ்ஜியம் ஐந்தாகிறது. தனித்து நிற்கும் பதவிகளை, நிலையும் ஊதியமும் தகுதியும் ஒத்த மற்றப் பதவிகளோடு சேர்த்து ஒதுக்கீடு கணக்கிடலாம் என்ற ஏற்பாடு மத்திய அரசு விதிகளில் நெடுங்காலமாக இருப்பதுதான். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை.

உடனே பேராசிரியர்கள் சொல்வார்கள்: 'எங்கள் கிளஸ்டரைப் பற்றி எங்கள் ஆளுக்குத்தான் தெரியும். கணினி மையத்திலிருந்து யாரையோ அனுப்பினால் வேலை நடக்காது.' இந்த வாதத்தை நான் அலட்சியப்படுத்த மாட்டேன். அதில் உண்மை உண்டு. ஒவ்வொரு துறையின் கருவிக்கும் தனி குணம் இருக்கும், அதைப் பழக ஆறு மாதம் ஆகும். ஆனால் ஆளை அங்கேயே நிரந்தரமாகப் பணியமர்த்துவதை யாரும் தடுக்கவில்லையே. அதைவிட முக்கியம், எங்கள் தொழிலிலேயே ஒரு பாலபாடம் இருக்கிறது. ஒரே ஒரு பாகம் பழுதானால் மொத்தமும் நின்றுவிடும் என்ற நிலையில் எதையும் வைக்காதே. அதனால்தான் சர்வருக்கு இரண்டு பவர் சப்ளை போடுகிறோம், ஒரு டிஸ்க் செத்தாலும் தரவு பிழைக்கும்படி ரெய்டு போடுகிறோம். இதையெல்லாம் செய்துவிட்டு, அத்தனையையும் பார்த்துக்கொள்ள ஒரே ஆளை வைத்து, அவர் மனைவிக்குப் பிரசவம் என்று விடுப்பில் போனால் துறையே தவிக்கிறது. பாஸ்வேர்டு அவர் தலைக்குள் இருக்கிறது. 14 பேர் ஒரே தொகுதியாக இருந்தால் ஒருவருக்கு ஒருவர் மாற்றாக நிற்க முடியும், எல்லாவற்றையும் எழுதி வைக்கும் பழக்கமும் வரும். ஒற்றைப் பதவி சமூகநீதிக்கும் கேடு, சர்வருக்கும் கேடு.

இதுவரை பேசியது அனுமதிக்கப்பட்ட பதவியைப் பற்றி. நடப்பில் அந்தப் பதவியும் பல துறைகளில் நிரப்பப்படுவதில்லை. ஆய்வுத் திட்ட நிதியிலிருந்து தொகுப்பூதியத்தில் ஒருவரை எடுப்பார்கள். பதினோரு மாதம் முடிந்ததும் இரண்டு நாள் இடைவெளி விட்டு மறுபடி பதினோரு மாதம். இல்லையென்றால் வெளிமுகமை மூலம். துறை வாங்குவது ஆளை அல்ல, சேவையை என்று காகிதம் சொல்லும். 45 நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் தற்காலிக நியமனங்களிலும் ஒதுக்கீடு உண்டு என்று மத்திய அரசின் ஆணை இருக்கிறது. 2022இல் அதை மறுபடியும் நினைவூட்டி எல்லா அமைச்சகங்களுக்கும் எழுதினார்கள். நினைவூட்ட வேண்டி வந்தது என்பதிலிருந்தே அது எந்த அளவுக்கு நடைமுறையில் இருந்தது என்று தெரிகிறது. வெளிமுகமைக்குப் போய்விட்டால் அந்த ஆணையைக் காட்டிக் கேட்பதற்குக் கூட ஒருவர் கிடைக்க மாட்டார். துறை முகமையைக் காட்டும், முகமை துறையைக் காட்டும்.

இப்படி வந்தவரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கையெழுத்து துறைத்தலைவரிடம் இருப்பதால், சிஸ்டம் அட்மின் வேலை மெல்ல மெல்ல வீட்டு வேலையாகும். பேராசிரியர் வீட்டு வைஃபை, அவர் மகளின் லேப்டாப், மாமனாரின் பிரிண்டர். நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு பேராசிரியர் வீட்டுக்குப் போய் பிரிண்டர் சரிசெய்த சக ஊழியரைப் பின்வாசல் வழியாக வரச் சொன்னார்கள். அவர் பி.இ. படித்தவர். மறு நாள் காலையில் அதே பேராசிரியரின் கணக்கீட்டை கிளஸ்டரில் முன்வரிசைக்கு நகர்த்தி வைத்தவரும் அவர்தான். ஒப்பந்தம் புதுப்பிக்க இன்னும் மூன்று வாரம் இருந்தது.

இப்போது தேர்வு முறைக்கு வருகிறேன். நாளைக்கு உங்களில் சிலர் ஆய்வு மாணவராகவோ உதவிப் பேராசிரியராகவோ இந்தத் தேர்வுக்குழுக்களுக்குப் பக்கத்தில் இருப்பீர்கள். ஆகவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விளம்பரத்தில் ஆரம்பிக்கும். முதல் வகுப்பு பி.டெக்., பெரிய நிறுவனத்தில் அனுபவம், விலை கொடுத்து எழுதும் லினக்ஸ் சான்றிதழ், 'சிறந்த ஆங்கிலப் பேச்சாற்றல்'. இவற்றில் எது அந்த சர்வருக்குத் தேவை? கையேடு ஆங்கிலத்தில் இருக்கிறது, படித்துப் புரிந்துகொள்ளத் தெரிய வேண்டும். அது வேறு, சரளமாகப் பேசுவது வேறு. பாலிடெக்னிக் டிப்ளமோ முடித்து, கணினி கடையில் ஐந்து வருடம் கை அழுக்காக்கிக்கொண்டவர் விண்ணப்பிக்கவே முடியாதபடி வாசலைக் கட்டிவிட்டு, 'தகுதியான ஒடுக்கப்பட்ட விண்ணப்பதாரர்கள் வருவதில்லை' என்று குறிப்பு எழுதுவது ஒரு பழைய வித்தை.

அதே துறையில் ஓர் அட்டெண்டர் இருப்பார். எந்த பிரேக்கர் விழுந்தால் எந்த அலமாரி அணையும், யூ.பி.எஸ். பேட்டரி எந்தச் சத்தம் போட்டால் ஆயுள் முடிகிறது, ஏ.சி. தண்ணீர் எந்த வழியாக ஒழுகி எந்த வயர்மேல் விழும் என்பது அவருக்குத் தெரியும். புது அட்மின் வந்து முதல் மாதம் அவரிடம்தான் பாடம் படிக்கிறார். அவருக்குப் படிக்க ஒரு வருட விடுப்பும், அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்க ஒரு வழியும் கொடுக்க வேண்டும் என்று எந்தத் துறைக்கும் தோன்றியதாக நான் பார்த்ததில்லை. அறையைப் பெருக்குகிறவர் கீபோர்டில் உட்காரலாகாது என்பது எந்த விதியிலும் எழுதப்படவில்லை.

பிறகு நேர்காணல். 2007இல் சுகதேவ் தோரட்டும் பால் அட்வெல்லும் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். தனியார் நிறுவன வேலை விளம்பரங்களுக்கு, ஒரே அளவு தகுதியுள்ள விண்ணப்பங்களை வேறு வேறு பெயர்களில் அனுப்பிப் பார்த்தார்கள். அடுத்த கட்டத்துக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதி இந்துப் பெயருக்கு 1 என்று வைத்தால், தலித் பெயருக்கு 0.67. முஸ்லிம் பெயருக்கு 0.33. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்ரின் நியூமனும் ஆள் எடுக்கும் அதிகாரிகளிடம் பேசினார்கள். சாதி பார்ப்பதில்லை, திறமை மட்டும்தான் என்றவர்களே, 'குடும்பப் பின்னணி' கட்டாயம் கேட்போம் என்று வெள்ளந்தியாகச் சொன்னார்கள்.

நமக்குத்தான் சாதிப் பெயர் இல்லையே, 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டிலேயே அதைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டாகிவிட்டதே என்று நாம் பெருமைப்படலாம். பெருமை நியாயமானதுதான். பெயரில் இல்லாததால் நேர்காணலில் தேடுகிறார்கள். 'எந்த ஊர் தம்பி?' 'ஊரிலேயா, பக்கத்திலேயா?' 'அப்பா என்ன பண்றார்?' 'சைவமா?' ரூட் பாஸ்வேர்டுக்கும் சாம்பாருக்கும் என்ன தொடர்பு என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

பெண்களுக்கு இன்னொரு கேள்வி: 'ராத்திரி சர்வர் நின்றால் வர முடியுமா?' பெரும்பாலான கோளாறுகளை வீட்டிலிருந்தே எஸ்.எஸ்.எச். வழியாகச் சரிசெய்யலாம். சர்வர் முழுதாக உறைந்துவிட்டால் கூட, தொலைவிலிருந்து அணைத்து எழுப்ப ஐ.பி.எம்.ஐ. என்று தனி வழி சர்வர்களில் இருக்கிறது. கேட்கிறவருக்கு அது தெரியாது, அல்லது தெரிந்தே கேட்கிறார்.

நான் சொல்லும் மாற்று எளிமையானது. பேச்சைக் குறைத்து, கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி, உடைத்து வைத்த ஒரு மெய்நிகர் கணினியைக் கொடுங்கள். இரண்டு மணி நேரம். இணையத்தைப் பார்க்கலாம், ஏனென்றால் உண்மையான வேலையிலும் பார்த்துதான் செய்கிறோம். ஒரு டிஸ்க்கில் இடம் இருப்பதாகக் காட்டும், ஆனால் புதுக் கோப்பு எழுத முடியாது, ஐநோடு தீர்ந்திருக்கும். இன்னொன்றில் பெரிய லாக் கோப்பை அழித்த பின்னும் டிஸ்க் நிறைந்தே இருக்கும். ஏதோ ஒரு புரோகிராம் அதை இன்னும் திறந்து வைத்திருக்கும். மூன்றாவதாக, பேக்கப்பிலிருந்து ஒரு மாணவரின் போன வாரக் கோப்புறையை மீட்டு எடுக்கச் சொல்லுங்கள். பேக்கப் எடுக்கத் தெரிந்தவர்கள் ஏராளம், மீட்டுப் பார்த்தவர்கள் குறைவு. கடைசியாக, செய்ததை அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ. விடைக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும். எதற்கு எத்தனை மதிப்பெண் என்று முன்கூட்டியே எழுதி உறையில் வையுங்கள். மதிப்பெண் போட்டு முடித்த பிறகே எண்ணுக்குரிய ஆள் யார் என்று குழு பார்க்கட்டும்.

குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். ஆசிரியர் தேர்வுக்கு 2018 யு.ஜி.சி. விதிகளில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. விண்ணப்பித்தவர்களில் பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட, சிறுபான்மை, பெண், மாற்றுத்திறனாளி யாராவது இருந்து, குழுவில் அந்தப் பிரிவினர் இல்லையென்றால், ஒருவரைச் சேர்க்க வேண்டும். சிஸ்டம் அட்மின் தேர்வுக்கும் துறையே இதை எடுத்துக்கொள்ளலாம். யாரும் அபராதம் போட மாட்டார்கள்.

இதற்கெல்லாம் எழும் முதல் முணுமுணுப்பு 'தகுதி' என்பதுதான். மேலே சொன்ன தேர்வைவிடத் தகுதியை நேராக அளக்கும் தேர்வு வேறு இருந்தால் அவர்களே சொல்லட்டும். நான் பார்த்தவரை, 'தகுதி' என்று உரக்கச் சொல்கிறவர்கள்தான் செய்முறைத் தேர்வு வேண்டாம், பத்து நிமிடம் பேசினாலே ஆளைத் தெரிந்துவிடும் என்கிறார்கள்.

உங்களால் நாளைக்கே செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. நீங்கள் படிக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள். பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். துறைவாரியாக சர்வர்களையும் கணினி ஆய்வகங்களையும் நிர்வகிப்பவர்கள் எத்தனை பேர்? நிரந்தரம், ஒப்பந்தம், திட்ட நிதி, வெளிமுகமை என்று பிரித்துக் கேளுங்கள். ஒவ்வொருவரும் எந்த ஆண்டிலிருந்து தொடர்கிறார்கள்? பதவிகள் எந்தப் பணித்தொகுதியில் வருகின்றன? ஒப்பந்த நியமனங்களில் 45 நாள் ஆணை எப்படிப் பின்பற்றப்பட்டது? ஆட்களின் பெயர் கேட்க வேண்டாம், அவர்கள் நம் எதிரிகள் அல்ல. கூடவே, இனச்சுழற்சிப் பதிவேட்டை நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள். ஆவணத்தைப் பார்வையிடுவதும் அந்தச் சட்டத்தில் உள்ள உரிமைதான், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் இல்லை. போகும்போது இரண்டு பேராகப் போங்கள், ஒருவர் படிக்க, ஒருவர் எழுத.

மனுவின் வரைவை அச்செடுத்து வந்திருக்கிறேன், வாசலருகே மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். இனிக் கேள்விகளுக்குப் போவோம்.